போஸ்ட்டாக்கா, கம்பெனியா?

வணக்கம் ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். லித்தியம் அயனி பேட்டரியின் கேத்தோடில் (நேர்மின்வாயில்) பிஎச்.டி. முடித்து ஆறு மாதம் ஆகிறது. கொரியாவில் ஓர் ஆய்வகம் இரண்டு வருட போஸ்ட்டாக்குக்கு, அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலைக்குக் கூப்பிடுகிறது. கோவையில் மின் ஸ்கூட்டருக்கு பேட்டரி பேக் கட்டும் கம்பெனி ஒன்றும் வேலை தருகிறது. கம்பெனிக்குப் போனால் ஆராய்ச்சி அத்தோடு சரி என்கிறார் என் கைடு. விசேஷ வீடுகளில் “இன்னும் படிச்சு முடியலயா கண்ணு?” என்கிறார்கள். வயது 30. என்ன செய்யட்டும்?

கோகிலா

அன்புள்ள கோகிலா,

விசேஷ வீட்டுக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. நான் கொரியாவில் இருந்த மூன்று வருஷமும் “பையன் அங்க பேட்டரிக் கடையில இருக்கானுங்க” என்றுதான் அம்மா சொல்லிவந்தார்.

உங்கள் கைடு சொல்வதை நான் ஏற்கவில்லை. 2019-இல் இந்தத் துறைக்காக நோபல் வாங்கிய மூவரில் விட்டிங்ஹாம், ஸ்டான்ஃபோர்டில் போஸ்ட்டாக் முடித்து எக்ஸான் எண்ணெய்க் கம்பெனிக்குப் போனவர். அவருடைய லித்தியம் பேட்டரி அங்கே பிறந்ததுதான். யோஷினோ, அசாஹி கசேய் கம்பெனிக்காரர். 1985-இல் பேட்டரியின் முன்மாதிரியைச் செய்துவிட்டார். முனைவர் பட்டம் வாங்கியது 2005-இல். குட்இனஃப் மட்டும் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர்.

ஆனாலும் கொரியாவுக்குப் போங்கள். ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டு: அங்கே ஃபுல் செல் கட்டுகிறார்களா?

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். ஆய்வகங்களில் பெரும்பாலும் பொத்தான் அளவு காயின் செல்லில், எதிர்ப்பக்கம் லித்தியம் தகட்டை வைத்துச் சோதிப்பார்கள். தகட்டில் லித்தியம் தாராளம். எவ்வளவு வீணானாலும் வெளியே தெரியாது. ஃபுல் செல்லில், நிஜ பேட்டரியில் போலவே, அந்தத் தகடு கிடையாது. கேத்தோடில் இருக்கும் லித்தியம்தான் மொத்த முதல். ஒவ்வொரு சார்ஜிலும் இருப்பதில் 0.1 சதவீதம் தொலைந்தால் 500 சார்ஜுக்குப் பிறகு 60 சதவீதம் மிஞ்சும். 0.5 சதவீதம் தொலைந்தால் வெறும் 8. கட்டுரையில் ஒரு சார்ஜுக்கு 99.5 சதவீதம் மிஞ்சுகிறது என்று போடும்போது என்ன கம்பீரம்! கீழ்பவானி வாய்க்காலில் கசிகிற தண்ணீர் பக்கத்துக் கிணற்றிலாவது ஊறும். செல்லுக்குள் தொலைவது எதிர்ப்பக்கத்து ஆனோடின் மேல் படிந்து கிடக்கும், யாருக்கும் ஆகாது.

என் ஆய்வகத்தில் ஒருமுறை, காற்றும் ஈரமும் புகாமல் செல் கட்டும் பெட்டியான க்ளவ்பாக்ஸின் கையுறையில் ஊசிக்கண் ஓட்டை. 1 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள்) இருக்க வேண்டிய ஈரம் ராத்திரியோடு 30-ஐத் தொட்டுவிட்டது. 40 செல்லில் 37 போச்சு. மிஞ்சிய மூன்றை வைத்து கிராஃப் போடச் சொன்னார் பேராசிரியர். போட்டேன். அந்தக் கட்டுரையை இன்றுவரை பயோடேட்டாவில் சேர்ப்பதில்லை. மற்ற 37-ஐ ஒருத்தரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பிற்பாடு எனக்குச் சோறு போட்டதோ, செத்த செல்லை அவிழ்த்துக் காரணம் தேடும் வேலை.

அந்த ஆய்வகத்தை விட்டுப் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் விசாரியுங்கள். இரண்டு வருஷத்தை நான்காக நீட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

கோவைக்காரர்களிடம் இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லுமுன் ஒருநாள் நேரில் போய், வாடிக்கையாளர்களிடமிருந்து திரும்பி வந்த பேக்குகளை எங்கே அடுக்கியிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மழுப்பினால் விமானம் ஏறுங்கள். கூட்டிப்போய்க் காட்டி, அவிழ்த்தும் பார்க்க விட்டால், நான் கொரியாவைப் பற்றிச் சொன்னதை மறந்துவிட்டு அங்கேயே சேரலாம்.