ஜெர்சி மடிப்பவரிடம் சொன்னது

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கால்பந்து கிளப்பான மானிங் ரேஞ்சர்ஸ் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். என் மகன் டர்பனில் ஒரு சின்னக் கல்லூரியின் கால்பந்து அணியில் ஆடுகிறான். தலைமைப் பயிற்சியாளர் போக இரண்டு உதவிப் பயிற்சியாளர்கள், முதலுதவிக்கு ஒரு அக்கா, ஜெர்சியும் பந்தும் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் என்று நான்கு பேர் கூடவே வருகிறார்கள். பயிற்சியாளர் ஒருவர் போதும், மற்றவர்களுக்குத் தரும் பெட்ரோல் காசை நிறுத்திவிட்டுப் புதுச் சீருடை வாங்கலாம் என்று பெற்றோர் கூட்டத்தில் பேச்சு. எனக்கும் அது சரியென்றே படுகிறது. அமெரிக்காவில் படிக்கும் என் அண்ணன் மகன், அங்கே கல்லூரி ஃபுட்பால் அணிக்கு உதவிப் பயிற்சியாளர்களே பத்துப் பேர் என்கிறான். அவர்களிடம் காசு இருக்கிறது. நமக்கு எதற்கு அண்ணே இந்தக் கூட்டம்?

ஒரு வாசகர், பீனிக்ஸ், டர்பன்

அன்புள்ள தம்பி,

அமெரிக்கக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் அண்ணன் மகன் சொல்வது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு ஒரு குழு என்று தனித்தனியாகப் பழக்க வேண்டும், அதனால் ஆள் அதிகம். மேல் பிரிவில் பத்து உதவிப் பயிற்சியாளர்கள் என்ற வரம்பு இருந்தது, 2024இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் விளையாட்டுக்காக உதவித்தொகையே தராத மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளும் அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அங்கே வேறு வேலை பார்த்துக்கொண்டே மாலையில் களத்துக்கு வரும் உதவியாளர்கள் உண்டு. நம் ஆட்களைப் போலத்தான்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். எண்பதுகளில் நானும் டர்பனில் கல்லூரி அணியில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கம் தடுத்தாடுகிறவன். நிறவெறி ஆட்சிக்காக உலகக் கால்பந்துச் சங்கம் (ஃபிஃபா) 1976இல் தென்னாப்பிரிக்காவை வெளியேற்றியிருந்த காலம். இந்திய வம்சாவளியினரான நம்மவர்களுக்குக் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தை விட்டால் பெரிதாக இடமில்லை. எங்கள் ஜெர்சிகளைப் பார்த்துக்கொண்டவர் மாகசின் பாரக்ஸில் பிறந்தவர். மாநகராட்சியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு அது. அறுபதுகளில் அங்கிருந்தவர்களைக் கிளப்பி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். அவரை நாங்கள் மாமா என்போம்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் மாமா பந்துகளுக்குக் காற்றடிப்பார். ஊசியை நாக்கில் தொட்டு நனைத்துத்தான் செருகுவார், காய்ந்த ஊசி வால்வைக் கெடுத்துவிடும் என்பார். பந்து 410 முதல் 450 கிராம் இருக்க வேண்டும், காற்றழுத்தம் இவ்வளவு என்றெல்லாம் விதி இருக்கிறது. மாமாவிடம் தராசும் இல்லை, அழுத்தமானியும் இல்லை. இரண்டு கட்டைவிரலாலும் அமுக்குவார், காதருகே வைத்துக் காற்று கசிகிறதா என்று கேட்பார், அப்புறம்தான் பையில் போடுவார். ஜெர்சியில் கழன்ற எண்களை அவர் மனைவி வீட்டில் மறுபடி தைத்துக் கொடுப்பார்.

ஒரு வாரமாக எனக்குத் தொடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பயிற்சியாளரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் இடம் போய்விடும். சனிக்கிழமை உடைமாற்றும் அறையில் குனிய முடியாமல் இடது காலைத் தூக்கிப் பெஞ்சில் வைத்து பூட்ஸ் கயிறு கட்டினேன். வழக்கமாகக் குனிந்து கட்டுகிறவன் நான். மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஜெர்சி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "எத்தனை நாளா இழுக்குது?" என்றார். சொல்லிவிட்டேன். அவர் எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கவில்லை. உதவிப் பயிற்சியாளரிடம் போய் மெல்லச் சொன்னார். அவர் என்னைத் தனியாக இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். அன்று நான் ஆடவில்லை. கோபம்தான். ஆனால் இரண்டு வாரத்தில் திரும்பி வந்து அந்த சீசன் முழுக்க ஆடினேன்.

தம்பி, ஆளைத் தேர்வு செய்கிறவரிடம் எந்தப் பையனும் தன் வலியைச் சொல்ல மாட்டான். பயிற்சியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அவன் மனம்விட்டுப் பேச, தேர்வு செய்யாத ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நீங்கள் கூட்டம் என்று எழுதியவர்கள் அவர்கள்தான்.

உதவிப் பயிற்சியாளர்கள் இரண்டு பேர் எதற்கு என்றும் கேட்பீர்கள். உலகக் கால்பந்துச் சங்கத்தின் பதினொன்று பிளஸ் என்ற உடல் தயார்ப் பயிற்சி 20 நிமிடம்தான், பெரிய சாமான் எதுவும் வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் அணிகளில் இதைச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், காயங்கள் ஏறக்குறைய பாதி குறைந்திருந்தன. ஆனால் ஒழுங்காகச் செய்தால்தான் பலன். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று ஒவ்வொருவனாகப் பார்த்துத் திருத்த வேண்டும். இருபது பேரை ஒரே ஆள் எப்படிப் பார்ப்பார்?

முதலுதவி அக்காவின் அருமை விதி எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. 2019 முதல் பெஞ்சில் இருக்கும் பயிற்சியாளர்களுக்கும் மற்ற அணி அலுவலர்களுக்கும் நடுவர் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம். சிவப்பு வாங்கியவர் வெளியேற வேண்டும். அணியில் வேறு மருத்துவ ஆள் இல்லையென்றால் மட்டும், அந்த மருத்துவ ஆள் சிவப்பு வாங்கினாலும் இருக்கலாம். தலையில் அடிபட்ட பையனை ஆடவிடலாமா என்பதில் கடைசிச் சொல் அந்த அக்காவுடையதாக இருக்க வேண்டும். கோல் வேண்டும் என்று தவிக்கிற பயிற்சியாளரிடம் அதை விடக்கூடாது. இதைக் கூட்டத்தில் எழுத்திலேயே தீர்மானமாகப் போடுங்கள்.

மானிங் ரேஞ்சர்ஸ் கட்டுரையில் நானும் ஒரு தவறு செய்துவிட்டேன். 1928இல் டர்பனில் தொடங்கிய கிளப், 1996–97இல் தென்னாப்பிரிக்காவின் பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசனிலேயே பட்டம் வென்றதை எழுதினேன். பயிற்சியாளர் கோர்டன் இகசண்ட் பெயரை எழுதினேன். அந்த வெற்றிக்குப் பின்னால் பந்துக்குக் காற்றடித்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

புதுச் சீருடை அடுத்த வருடம் வாங்கலாம். பழையதில் எண் கழன்றால் தைத்துக்கொள்ளலாம். கூட்டம் எந்தத் தேதி என்று எழுதுங்கள், நானும் வருகிறேன். அந்தப் பெரியவருக்கு இந்த வருடம் ஆகும் பெட்ரோல் செலவை என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற மூவருக்கு உங்கள் குழு பார்க்கட்டும்.

அன்புடன்,
அண்ணன்