"அவன்கூட விளையாடவே கூடாதுங்களா?"

சிஸ்டர், ஞாயிறு பள்ளியில் நீதிமொழிகள் 13:20 (ஞானிகளோடு நடக்கிறவன் ஞானமடைவான், மூடருக்குத் தோழன் நாசமடைவான் என்ற பைபிள் வசனம்) நடத்தும்போது நாலாவது படிக்கிற பையன், "அப்ப கெட்ட வார்த்தை பேசுறவன்கூட விளையாடவே கூடாதுங்களா மிஸ்?" என்று உங்களை மடக்கிவிட்டான் என்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

யாரோடு பேசுகிறோம் என்பதைவிட, யார் பேச்சைக் கேட்டு நடக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று நான் சொல்லிக்கொடுப்பேன். அதற்கு 1 இராஜாக்கள் 12 போதும். சுமையைக் குறைக்கச் சொல்லி ஜனங்கள் கேட்கிறார்கள். சாலொமோனின் மகன், புது ராஜா ரெகொபெயாம் மூன்று நாள் தவணை சொல்கிறான். பெரியவர்கள் தன்மையாகப் பேசச் சொன்னார்கள். கூட வளர்ந்த வாலிபர்கள் முறுக்கிவிட்டார்கள். அவன் வாலிபர்கள் பேச்சைக் கேட்டான். பத்துக் கோத்திரம் கையைவிட்டுப் போனது. ஒரு பையனை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு காதிலும் இரண்டு பேரைப் பேசவிடுங்கள், வகுப்பு களைகட்டும்.

திருப்பூரில் பனியன் வேஸ்டுக்கா பஞ்சம்? சேர்க்கையின் நிறம் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்று, ஒரு துண்டை மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காட்டலாம். சோப்பு மட்டும் போட்டுவிடாதீர்கள், சிவந்துவிடும். நான் போட்டேன், வகுப்பே சிரித்தது.

அப்புறம், குஷ்டரோகம் பிடித்த சீரியப் படைத்தலைவன் நாகமான் வீட்டுச் சிறுமி, 2 இராஜாக்கள் 5. சிறைபிடித்துக் கொண்டுவந்த பிள்ளை, பெயர்கூட எழுதப்படவில்லை. சமாரியாவில் இருக்கிற தீர்க்கதரிசி குணமாக்குவார் என்று அவள் சொன்ன ஒரு வாக்கியத்தில் படைத்தலைவன் அங்கே கிளம்பிவிட்டான். அந்நியர் நடுவில் இருந்தும் அவள் மாறவில்லை, அவர்களுக்கு நல்லது சொன்னாள்; உங்கள் பையனுக்கான பதில் அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் திணிக்காமல், இதை அடுத்த ஞாயிறுக்கு வையுங்கள்.