ஒரு வானியலாளரின் எச்-சுட்டெண் 40 என்றால் என்ன?

புறக்கோள்களை, அதாவது வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களை, ஆராய்பவரின் எச்-சுட்டெண் 40 என்றால், அவருடைய 40 கட்டுரைகளுக்குத் தலா 40 மேற்கோள்களாவது (மற்ற ஆய்வுக் கட்டுரைகள் அதைச் சுட்டிக்காட்டுவது) கிடைத்திருக்கின்றன. இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் முன்வைத்த அளவு இது. வெறுமனே எழுதிக் குவிப்பதோ, ஒரே கட்டுரையின் புகழோ கணக்கைத் தூக்கிவிடக் கூடாது என்பதே காரணம்.

எங்கள் திருகோணமலைக் கரையில், நாளைக் கட்டுரையாகவும் மீனை மேற்கோளாகவும் வைத்துப் பார்த்தால், ஒரு வள்ளத்துக்கு இன்று 500 பாரை மீன் பட்டாலும் அது ஒரு நாள் கணக்குத்தான். பத்துக்குக் குறையாமல் பத்து நாள் பட்டால்தான் சுட்டெண் 10.

1995இல் மேயரும் கெலோவும் அறிவித்த '51 பெகாசி பி' என்ற புறக்கோளின் கண்டுபிடிப்புக்கு 2019இல் நோபல் பரிசே கிடைத்தது. எச்-சுட்டெண்ணில் அந்தக் கட்டுரையும் ஒன்றுதான்! இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

எண் பெரிதென்றால் தனியொருவரின் உழைப்பும் பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: விண்தொலைநோக்கிக் குழுவின் ஒரே கட்டுரையில் பல பத்துப்பேர் ஆசிரியர்களாக இருப்பார்கள், அதன் மேற்கோள்கள் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஏறும்.