ஃபில்டர் போட்டா 4 வரிசை தெரியுது, ஆனா எக்ஸெல் மேக்ரோவுல ரோஸ்.கவுண்ட் (வரிசையை எண்ணுற கட்டளை) 1-ன்னு எண்ணுது, ஏன்?

உங்க மேக்ரோவுல பெரிய தப்பு எதுவும் இல்லங்க, எண்ணுற இடம்தான் தப்பு. ஃபில்டர் வரிசையை அழிக்கறது இல்ல, மறைக்க மட்டும்தான் செய்யுது, அதனால உங்க டேட்டா இருக்கிற ஏ2:ஏ500-ல சாதாரணமா லூப் போட்டா மறைஞ்சதும் சேர்ந்தே வரும். அதுக்குத்தான் நீங்க ஸ்பெஷல்செல்ஸ் போட்டு கண்ணுக்குத் தெரியுற செல்லை மட்டும் எடுத்திருக்கீங்க, அது சரி.

இப்ப தெரியுறது 4, 7, 8, 20-ம் வரிசைன்னு வச்சுக்கங்க. எக்ஸெல் இதை ஒரே கட்டமா பாக்காது, 4 தனி, 7-8 சேர்ந்து ஒண்ணு, 20 தனின்னு மூணு துண்டா வச்சிருக்கும், ரோஸ்.கவுண்ட் முதல் துண்டை மட்டும்தான் எண்ணும், அதான் 1 வருது. ஒரே நெடுவரிசைதான்னா (column) செல்லை எண்ணுற செல்ஸ்.கவுண்ட் போடுங்க, 4 வரும். மதிப்பை எடுக்கணும்னா ஃபார் ஈச் லூப் போட்டு ஏரியாஸ்ல (அந்தத் துண்டுகளோட தொகுப்பு) ஒவ்வொரு துண்டா போங்க, .வேல்யூ-ன்னு மொத்தமா அரேக்கு (மதிப்புகளை அடுக்கி வைக்கிற மாறி) எடுத்தா அங்கயும் முதல் துண்டுதான் கிடைக்கும், எரர்கூட காட்டாது, அதனால இதுல ரொம்ப கவனமா இருங்க.

இன்னொண்ணு, ஃபில்டர்ல ஒரு வரிசைகூட சிக்கலைன்னா ஸ்பெஷல்செல்ஸ் 1004 எரர் அடிச்சு நின்னுடும். முன்னாடியே சப்டோட்டல் ஃபார்முலாவுல 103 (தெரியுற வரிசையில காலியா இல்லாத செல்லை மட்டும் எண்ணுற குறியீடு) குடுத்து எண்ணிப் பாருங்க, 0 வந்தா அப்படியே வெளிய வந்துடலாம், ஆனா அந்த நெடுவரிசையில காலி செல் இருக்கக்கூடாது.