ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்தவர் ஆளுநர் ஆவது எப்படி?

ஆளுநர் என்பவர் மாநிலத்தின் அரசியலமைப்புத் தலைவர். குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். இந்தியக் குடிமகனாகவோ குடிமகளாகவோ, 35 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். சரி, மூத்த அதிகாரிகளை ஏன் தேடுகிறார்கள்? கோப்பும் சட்டமும் அவர்களுக்குக் கைவந்தவை. 1988-ல் தமிழகத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தபோது ஆளுநராக வந்த பி.சி.அலெக்சாண்டர், இந்திரா காந்தியின் முதன்மைச் செயலாளராக இருந்தவர். சட்டசபை இல்லாத அந்தக் காலத்தில் நிர்வாகமே அவர் கையில். அப்புறம் 1993-ல், நம் பொள்ளாச்சிக்காரர் சி.சுப்பிரமணியத்துக்குப் பின் மகாராஷ்டிர ஆளுநரானார்.

அமைச்சரவை இருக்கும் மற்ற நாளில் நிலைமை வேறு. கோபி பக்கம், வயலை மகனிடம் விட்ட பெரியவர் வரப்பில் நின்று, "ஏன் கண்ணு, இப்பவே மடை தொறக்கோணுமா?" என்று கேட்பார். திறப்பது மகன்தான். ஆளுநர் அந்தப் பெரியவர் மாதிரி, அமைச்சரவை அந்த மகன் மாதிரி.

தலைமைச் செயலாளருக்கு அடுத்த பதவி உயர்வுதான் ஆளுநர் என்று பலர் நினைக்கிறார்கள். பணி மூப்புக்கும் இந்த நியமனத்துக்கும் தொடர்பே இல்லை.