8.5 சி.ஜி.பி.ஏ. இருந்தும் நிரல் எழுதத் திணறுவது ஏன்? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் விருதுநகருக்கு அருகே அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்ற கல்லூரி ஒன்றில் பி.இ. கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிப்பதாகவும், இதுவரை ஒரு அரியர்கூட இல்லாமல் 8.5 சி.ஜி.பி.ஏ. வைத்திருப்பதாகவும், அப்படியிருந்தும் அண்மையில் ஒரு நிறுவனம் இன்டர்ன்ஷிப்புக்காக நடத்திய ஆன்லைன் தேர்வில் கேட்கப்பட்ட இரண்டு நிரல்களில் ஒன்றைக்கூட முழுமையாக முடிக்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். சென்னையில் உள்ள பயிற்சி நிலையத்தில் அறுபதாயிரம் ரூபாய் கட்டிச் சேர்க்கலாமா, செயற்கை நுண்ணறிவுப் பிரிவை எடுத்திருக்க வேண்டுமோ, வேலை கிடைக்காவிட்டால் எம்.இ. படிக்க வைக்கலாமா என்று மூன்று கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் விடை சொல்வதற்கு முன், நன்றாகப் படிக்கும் ஒரு பெண் ஏன் இப்படித் திணறுகிறாள் என்பதை விளக்க வேண்டியிருக்கிறது. காரணம் பிடிபட்டால் எதற்குப் பணம் செலவழிக்கலாம், எதற்குக் கூடாது என்பது தங்களுக்கே தெளிவாகிவிடும்.

தங்கள் மகளின் பாடங்களை முடிவு செய்யும் 2021 ஒழுங்குமுறையின்படி, எழுத்துப் பாடங்களுக்கு அக மதிப்பீடு நாற்பது விழுக்காடு, செமஸ்டர் தேர்வு அறுபது விழுக்காடு. அந்தத் தேர்வின் வினாத்தாள் ஐந்து அலகுகளிலிருந்து பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் வினாக்கள், ஒரு பதினைந்து மதிப்பெண் வினா என்று அமைந்திருக்கும். நிரலாக்கப் பாடமானாலும் விடை காகிதத்தில்தான். மாணவர் பேனாவால் எழுதும் அந்த நிரலை எந்தக் கணினியும் இயக்கிப் பார்ப்பதில்லை. இதை நடத்துபவர்களின் அறியாமை என்று சொல்லிவிட முடியாது. நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் மாணவர்களுக்கு ஒரே வினாத்தாள் கொடுத்து, யார் பாடம் நடத்தினார் என்றே தெரியாத வேறொரு ஆசிரியர் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு சில நிமிடங்களில் திருத்த வேண்டுமென்றால், ஒரே மாதிரியான விடை வரக்கூடிய வினாவைத்தான் கேட்க முடியும். அதனால் 'இருமத் தேடல் மரத்திலிருந்து ஒரு கணுவை நீக்கும் முறையை விளக்குக' என்ற வினா திரும்பத் திரும்ப வரும். மாணவர்களும் அதற்கேற்பப் பழைய வினாத்தாள்களைப் பார்த்து முக்கிய வினாக்களைத் தயார் செய்வார்கள்.

ஆய்வகத்திலாவது நிலைமை மாறுகிறதா என்றால், அங்கும் சோதனைகளின் பட்டியல் முன்கூட்டியே அச்சாகியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஓரிரு பக்கங்களுக்குள் முடியும் நிரல். முதலில் அப்சர்வேஷன் நோட்டு, பிறகு ரெக்கார்டு நோட்டு. நோக்கம், வழிமுறை, நிரல், வெளியீடு, முடிவு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த முடிவின் கடைசி வரி எல்லாச் சோதனைகளுக்கும் ஒன்றே: நிரல் வெற்றிகரமாக இயக்கப்பட்டு வெளியீடு சரிபார்க்கப்பட்டது. நிரல் ஓடாத நாளிலும் அதே வரிதான் எழுதப்படும். இன்னும் சில ஆய்வகங்களில் 1990களின் தொடக்கத்தில் வந்த டர்போ சி++ மென்பொருளிலேயே சி மொழி கற்பிக்கப்படுகிறது. அதில் பழகியவர் இன்றைய கணினியில் அதே நிரலை இயக்க முயன்றால் முதல் வரிகளிலேயே பிழை வருகிறது.

இனி வேலை என்பது எப்படியிருக்கும் என்பதற்கு, புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் வழக்கமாகக் கொடுக்கப்படும் வகையைச் சேர்ந்த ஒரு சிறு பிழையை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைப் பதிவு மென்பொருள் ஒன்றில் நோயாளியின் பிறந்தநாளை ஜூன் 15 என்று உள்ளிட்டால், மறுபடி திறந்து பார்க்கும்போது ஜூன் 14 என்று காட்டுகிறது. புதியவர் பல்லாயிரம் வரிகள் கொண்ட, தாம் எழுதாத நிரலுக்குள் நுழைந்து, அந்தத் தேதி திரையிலிருந்து வழங்கி (சர்வர்) என்னும் மையக் கணினிக்கும் அங்கிருந்து தரவுத்தளத்துக்கும் போகும் வழியைப் பின்தொடர வேண்டும். தேடிப் போனால், உலாவி அந்தத் தேதியை இந்திய நேரப்படி ஜூன் 15 நள்ளிரவாக எடுத்துக்கொண்டு உலக நேரத்துக்கு மாற்றி அனுப்புவதும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால் அது ஜூன் 14 மாலை ஆறரை மணியாகிவிடுவதும், வழங்கி நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் சேமிப்பதும் தெரியவரும். திருத்தம் இரண்டு வரிகளில் முடிந்துவிடலாம். ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிவான பிறந்தநாள்களை என்ன செய்வது என்று மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். இதே பிழை திரும்ப வராதபடி ஒரு சோதனை நிரல் எழுத வேண்டும். தாம் செய்த மாற்றத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் படித்து ஒப்புக்கொள்ளும்படி விளக்க வேண்டும். இத்தனையிலும் நிரல் எழுதுவது மிகச் சிறிய பகுதி. பிறர் எழுதியதைப் படிப்பது, காரணத்தைத் தேடுவது, கேட்பது, விளக்குவது ஆகியவைதான் மீதி அனைத்தும்; நான்கு ஆண்டுகளில் எந்தத் தேர்விலும் மதிப்பெண் பெறாதவையும் இவையே. இங்குதான் கல்லூரியின் குறை இருக்கிறதே தவிர, 'சிலபஸ் பழையது' என்று பொதுவாகச் சொல்லப்படும் இடத்தில் அல்ல. சிலபஸ் 2013, 2017, 2021 என்று நான்காண்டுக்கு ஒருமுறை மாறிக்கொண்டுதான் இருக்கிறது; தேர்வின் இயல்பு மாறவில்லை.

கருவிகளும் அப்படியே. எந்த வரியை யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும் 'கிட்' 2005-இல் வந்தது. இன்று அது இல்லாத மென்பொருள் நிறுவனத்தைக் காண்பது அரிது. ஆனாலும் ரெக்கார்டு நோட்டில் முதல் தரம் வாங்கிய பல மாணவர்கள் இறுதியாண்டுவரை அதைத் தொட்டதில்லை. இது நம் ஊருக்கு மட்டுமே உரிய குறை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யிலேயே, தட்டச்சிட்ட கட்டளைகளால் கணினியை இயக்கும் கட்டளைவரி, கிட், பிழை தேடும் முறைகள் போன்றவற்றை எந்தப் பாடமும் கற்பிப்பதில்லை என்று கண்டு, அங்குள்ள ஆய்வு மாணவர்கள் 2020 ஜனவரியில் 'விடுபட்ட செமஸ்டர்' என்ற பொருளில் பெயரிட்டு ஒரு குறும்பாடத்தை நடத்தினார்கள். அதன் காணொளிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தங்கள் மகள் செமஸ்டர் விடுமுறையில் அதை முடித்துவிடலாம்.

இந்தக் குறைகளையெல்லாம் ஓரளவுக்கு ஈடுசெய்ய வேண்டிய இறுதியாண்டுத் திட்டப்பணி, பல கல்லூரிகளில் ப்ராஜெக்ட் சென்டர்களில் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது என்பதைத் தாங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைப்பு, நிரல், அறிக்கை, வைவாவில் சொல்ல வேண்டிய விடைகள் எல்லாம் ஒரே தொகைக்குக் கிடைக்கின்றன. தங்கள் மகளின் குழு அந்த வழியில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அந்தத் திட்டப்பணியைப் பற்றித்தான் வரும். 'இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று இரண்டாம் கேள்வி கேட்கும்போதே, வாங்கிய சரக்கா கையால் செய்ததா என்பது தெரிந்துவிடும்.

ஆசிரியர்கள் மீது பழி போடுவது எளிது. உதவிப் பேராசிரியராக எம்.இ. வேண்டும், மேலே போக முனைவர் பட்டம் வேண்டும் என்ற விதியில் பத்தாண்டு மென்பொருள் எழுதிய அனுபவத்துக்குப் பெரிய இடமில்லை, பி.இ. முடித்து எம்.இ. முடித்து நேரே வகுப்புக்கு வந்தவர், தாம் பார்க்காத பணியிடத்துக்கு மாணவர்களைத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. தொழில் அனுபவமுள்ளவர்களைப் பட்டத் தகுதி பாராமல் பேராசிரியர்களாக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வழிவகுத்தது நல்ல முடிவுதான். ஆனால், ஊதியத்தையே ஒழுங்காகக் கொடுக்காத தனியார் கல்லூரிகளில் அதனால் பெரிய மாற்றம் வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை.

நிறுவனங்களின் குறைகூறலையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பொறியியல் பட்டதாரிகளில் நான்கில் ஒருவர் மட்டுமே பன்னாட்டு நிறுவனப் பணிக்கு ஏற்றவர் என்று மெக்கின்சி என்னும் ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை 2005-இல் கூறிய காலத்தில், பெரிய நிறுவனங்கள் ஆயிரக்கணக்கானவர்களை எடுத்து மைசூரு போன்ற வளாகங்களில் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தன. பயிற்சி தம்முடைய செலவு என்று அவை கருதிய காலம் அது. இப்போது அந்தச் செலவைக் கல்லூரியும் பெற்றோரும் ஏற்க வேண்டுமென்று எதிர்பார்க்கின்றன. சென்னையின் ஸோஹோ நிறுவனமோ 2004 முதல் பிளஸ் டூ முடித்தவர்களையே எடுத்து, உதவித்தொகை கொடுத்து, தன் வளாகத்திலேயே கற்பித்து வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது. ஆளை உருவாக்குவது நிறுவனத்தால் ஆகாத காரியம் அல்ல என்பதற்கு அது போதும்.

தங்கள் மகளின் தேர்வுக்கு வருவோம். இத்தகைய தேர்வில் நிரலுக்குப் பல உள்ளீடுகளைக் கொடுத்துக் கணினியே சோதிக்கும்; சிலவற்றை மாணவருக்கு மாதிரியாகக் காட்டும், மற்றவற்றை மறைத்து வைக்கும். மாதிரிச் சோதனைகள் சரியாக வந்தன, மறைத்து வைக்கப்பட்ட சோதனைகள்தான் தோற்றன என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்களே இருக்கும். ஒன்று, உள்ளீடு வெறுமையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காதது. அடுத்து, ஏறத்தாழ 214 கோடிக்கு மேற்பட்ட எண் சாதாரண முழு எண் மாறிக்குள் அடங்காது என்பதை மறந்தது. மூன்றாவது, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு சுற்றுக்குள் (லூப்) இன்னொரு சுற்று எழுதியது. ஒரு லட்சம் உருப்படிகள் வந்தால் அது ஆயிரம் கோடி செயல்களாகி, நேரம் முடிந்துவிடும். இந்த மூன்றாவது காரணம் அவருடைய வழிமுறைகள் பாடத்தின் முதல் அலகிலேயே இருக்கிறது. பதின்மூன்று மதிப்பெண்ணுக்கு அதை அவர் எழுதியும் இருப்பார். எழுதியதைக் கணினியில் உணர்ந்து பார்க்க யாரும் வாய்ப்புத் தரவில்லை, அவ்வளவே. ஆகவே அவர் படித்தது வீணாகவில்லை; தரவுக் கட்டமைப்பு, இயக்குதளம், தரவுத்தளம், வலையமைப்பு ஆகிய நான்கையும் 'தியரி' என்று ஒதுக்கிவிட்டுப் புதிய மொழிகளைத் தேடி ஓடவும் வேண்டாம்.

பயிற்சி நிலையத்துக்கு அந்த அறுபதாயிரத்தைக் கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. 'நூறு விழுக்காடு பிளேஸ்மென்ட்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் எந்த நிறுவனம், எத்தனை பேர், எழுத்தில் தருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள். அதே வகுப்பு முறையும் அதே நோட்டும் அங்கும் தொடரும். அண்ணா சாலையில் அலுவலகம் வைத்துக்கொண்டு வேலைக்கு முன்பணம் கேட்கும் 'நிறுவனம்' எதையும் ஏறெடுத்தும் பார்க்க வேண்டாம். சென்னை கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் பைத்தான் வழியே தரவுக் கட்டமைப்பும் வழிமுறைகளும் கற்பிக்கும் என்.பி.டி.இ.எல். (ஐ.ஐ.டி.கள் உள்ளிட்டவை நடத்தும் இணையவழிக் கல்வித் திட்டம்) பாடத்தில் சேரக் கட்டணமே இல்லை. அதன் நிரல் பயிற்சிகள் மறைத்து வைத்த சோதனைகளைக் கொண்டே மதிப்பிடப்படுகின்றன. மகளுக்கு வேண்டிய பயிற்சி அதுதான். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டப் பாடங்கள் கல்லூரியில் நடந்தால் அவற்றையும் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காமல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால், அவருடைய மடிக்கணினியின் நினைவகத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

பிரிவைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். செயற்கை நுண்ணறிவுப் பிரிவிலும் அடிப்படைப் பாடங்கள் பெரும்பாலும் இவையே. மென்பொருள் நிறுவனங்களும் பொதுவாக இரு பிரிவினரையும் ஒரே தேர்வுக்கு அழைக்கின்றன. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதிவிடுமே என்ற அச்சத்தைக் கடிதத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். பாடநூல் அளவிலான சிறு நிரல்களை அந்தக் கருவிகள் நொடியில் எழுதிவிடுகின்றன என்பது உண்மை. ஆனால் எழுதியது சரியா என்று படித்துப் பார்க்கும் ஆளின் தேவை அதனால் கூடித்தான் இருக்கிறது. எம்.இ. விஷயத்தில், கேட் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. அல்லது என்.ஐ.டி.யில் இடமும் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைத்தால், பாடத்தில் ஆர்வமும் இருந்தால், தாராளமாகப் படிக்கட்டும். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அருகிலுள்ள கல்லூரியில் இரண்டாண்டு கழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் பிளேஸ்மென்ட் தேர்வுகள் வரும்வரை, வாரத்தில் சில மணி நேரத்தை ஒரே ஒரு மென்பொருளுக்கு அவர் ஒதுக்கட்டும். தாங்கள் மளிகைக் கடை நடத்துவதாக எழுதியிருப்பதால், கடன் கணக்கு நோட்டையே அவர் மென்பொருளாக்கலாம். தாங்கள் அதைத் தினமும் பயன்படுத்திக் குறை சொல்ல வேண்டும். 'பாதித் தொகை கொடுத்தவரை எப்படிப் பதிவது', 'போன மாதப் பாக்கியை ஏன் காட்டவில்லை' என்று தாங்கள் கேட்கக் கேட்க, தான் மூன்று மாதம் முன்பு எழுதியதைத் தானே படித்துப் புரியாமல் விழித்து, திருத்தி, ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் பதிந்து வர வேண்டும். வகுப்புத் தோழி ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் குறை சொல்லும்படி செய்தால் இன்னும் நல்லது.

ஜூன் மாதத்தில் ரெஸ்யூமேயைத் தயாரித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பத்து மொழிகளின் பெயர்களை அதில் அடுக்க வேண்டாம். கடைக் கணக்கு மென்பொருளில் தான் கண்டுபிடித்த மிகக் கடினமான பிழை எது, அதன் காரணத்தை எப்படித் தேடிப் பிடித்தார் என்பதை நான்கு வரிகளில் எழுதட்டும். அந்த நான்கு வரிகளை வைத்து நேர்முகத் தேர்வுக்கான ஒத்திகையை நாம் தொடங்கலாம்.