முதலில் இலை காயட்டும்

கேள்வி: பெருமாள்மலையில் வசிக்கிறேன். வயது 38. கணவர் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக் கார் ஓட்டுகிறார். எனக்குத் தையல் நன்றாகத் தெரியும், சொந்தமாக மெஷினும் இருக்கிறது. என் பாட்டி நொச்சி இலை அடைத்துத் தலையணை செய்வார். அதைப் போல மூலிகைத் தலையணைகள் செய்து கொடைக்கானலுக்கு வருபவர்களுக்கு விற்க ஆசை. தலைவலிக்கு, சைனஸுக்கு, தூக்கமின்மைக்கு என்று எட்டு வகை யோசித்து வைத்திருக்கிறேன். யூகலிப்டஸ் இலை பக்கத்துக் காட்டிலேயே செலவில்லாமல் கிடைக்கும். நொச்சிக்கு வத்தலக்குண்டில் அக்கா வீடு இருக்கிறது. நகையை அடகு வைத்தால் இரண்டு லட்சம் வரும். ஒரு விடுதிக்காரர் டிசம்பருக்குள் 50 தலையணை கேட்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? மாதிரிக்கு நான்கு செய்து பார்த்தேன். இரண்டில் மட்டும் லேசாக மக்கிய வாடை வந்தது. மற்றபடி எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.
வாசகி, பெருமாள்மலை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் முதலில் நின்ற இடம் கடைசிக்கு முந்தைய வரி. நான்கு தலையணையில் இரண்டு மக்கிய வாடை அடித்ததை ‘லேசாக’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் தொழிலின் மொத்தச் சிக்கலும் அதுதான். எட்டு வகை, இரண்டு லட்சம், விடுதி ஆர்டர் எல்லாவற்றையும் அதைத் தீர்த்த பிறகு பேசலாம்.

இலை சரியாகக் காயவில்லை, அல்லது காய்ந்த இலை மறுபடியும் ஈரம் இழுத்திருக்கிறது. பெருமாள்மலையில் இரண்டுமே நடக்கும். மத்தியானம் மூன்று மணிக்கு மேகம் இறங்கி வாசல் தெரியாமல் போகிற ஊரில், காய்ந்த சருகை அரை நாள் திறந்து வைத்தாலே போதும், துவண்டுவிடும். உங்கள் பாட்டி எந்த ஊரில் தலையணை செய்தார் என்று நீங்கள் எழுதவில்லை. நொச்சி பெரும்பாலும் அடிவாரத்திலும் சமவெளியிலும் வேலிக்காலிலும் வாய்க்கால் கரையிலும் வளர்வது. வெயில் காயும் ஊரில் தானாகவே சரியாக வந்த ஒன்று, மலையில் தனி வேலையாகிவிடுகிறது.

அதனால் மலையில் காயப்போடாதீர்கள். வத்தலக்குண்டில் அக்கா இருக்கிறாரே, அதைவிட நல்ல முதலீடு வேறில்லை. அங்கே வீட்டு மாடியில் கீற்றோ துணியோ போட்டு நிழல் கட்டிக்கொள்ளுங்கள். நேர் வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் மணம் தருகிற எண்ணெய் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது வெறும் சருகு. கயிற்றுக் கட்டிலின் மேல் மெல்லிய வேட்டியை விரித்து, இலைகளைக் காம்பிலிருந்து உருவி, ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் பரப்ப வேண்டும். கட்டிலில் போடுவது எதற்கென்றால், கீழிருந்தும் காற்று ஏறும். தரையில் பாய் விரித்துப் போட்டால் அடிப்பக்கம் புழுங்கும், மக்கல் அங்கேதான் தொடங்கும். காலையும் மாலையும் புரட்டிவிட வேண்டும். இரவில் கட்டாயம் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் பகலெல்லாம் பட்ட பாடு வீண்.

காய்ந்துவிட்டதா என்று கையால் மட்டும் பார்க்காதீர்கள். கசக்கினால் நொறுங்குகிறது, நரம்பை வளைத்தால் படக்கென்று ஒடிகிறது என்றால் பாதிப் பரீட்சை தேறியது. மீதிப் பாதிக்கு ஒரு கண்ணாடி பாட்டில் போதும். இலையை நிறைத்து இறுக மூடி நான்கைந்து நாள் வையுங்கள். உள்ளே கண்ணாடியில் பனி பூத்தது போல் தெரிந்தாலோ, மேலே இருக்கும் இலை துவண்டிருந்தாலோ, அந்தத் தொகுப்பு முழுவதும் மறுபடியும் கட்டிலுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறை காயவைக்கும்போதும் இதைச் செய்யுங்கள். ‘போன தடவை சரியாக வந்ததே’ என்ற நம்பிக்கையில் விடாதீர்கள்.

காய்ந்த இலையை மூட்டையாக மலைக்கு ஏற்றவும் வேண்டாம். இலைப் பையை அக்கா வீட்டிலேயே அடைத்துத் தைத்து, மூடி இறுக்கமான தகர டின்னில் போட்டு மேலே கொண்டு வாருங்கள். பெருமாள்மலையில் செய்ய வேண்டியது உறை தைப்பதும் சேர்ப்பதும் மட்டும் என்று வேலையைப் பிரித்துவிட்டால் பாதிக் கவலை தீரும். அக்காவுக்கும் கூலி போட்டுக் கொடுத்துவிடுங்கள். உறவு என்று சும்மா வாங்கும் உழைப்பு ஒரு வருடத்துக்கு மேல் ஓடாது.

தலையணையின் அமைப்பையும் மாற்றச் சொல்வேன். இலையையும் பஞ்சையும் ஒன்றாகக் கலந்து அடைத்தீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிச் செய்தால் இலை நொறுங்கித் தூளாகிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்கவே முடியாது. நெருக்கமாக நெய்த மல் துணியில் எட்டுக்கு ஆறு அங்குலத்தில் தட்டையான ஒரு பை தையுங்கள். அதில் நூறு கிராம் அளவுக்கு இலை போதும். குறுக்கே இரண்டு வரி தையல் போட்டுவிட்டால் இலை ஒரு மூலைக்கு ஓடாது. இந்தப் பை, பஞ்சுத் திண்டுக்கும் மேலுறைக்கும் நடுவில் உட்கார வேண்டும். மேலுறைக்கு ஜிப் வையுங்கள். வாங்கியவர் பையை எடுத்துவிட்டு உறையைத் துவைத்துக்கொள்ளலாம். தூங்கும்போது காதுக்கு அடியில் சருகு சரசரக்கும் என்பதால், பையை நடுவில் வைக்காமல் ஒரு பக்கத்து ஓரமாக வைப்பது நல்லது.

இதில் உங்களுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. எந்த இலையானாலும் மணம் வருடக்கணக்கில் நிற்காது. மணம் போனதும் தலையணையைத் தூக்கி எறிவதற்குப் பதில், உங்களிடம் புதிய இலைப் பை மட்டும் கேட்பார்கள். லேசான பை, தபாலில் சென்னைக்கும் மதுரைக்கும் சுலபமாகப் போகும். ஒருமுறை வந்து போகிற சுற்றுலாப் பயணியை வருடா வருடம் வாங்குகிறவராக மாற்ற இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தலையணையோடும் ஒரு சிறு சீட்டில் உங்கள் முகவரியையும் மாற்றுப் பையின் விலையையும் எழுதி வையுங்கள்.

பூச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். காய்ந்த இலையில் கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்கும். மூன்று மாதம் கழித்துப் பழுப்பு நிறச் சிறு வண்டுகள் தலையணையிலிருந்து ஊர்ந்து வந்தால் உங்கள் பெயர் போய்விடும். தைத்து முடித்த பைகளைக் காற்றுப் புகாமல் கட்டி, தெரிந்த கடையின் ஐஸ்கிரீம் பெட்டியில் நான்கைந்து நாள் வைத்து எடுங்கள். எடுத்ததும் பிரிக்காமல், குளிர் முழுவதும் இறங்கிய பிறகு பிரியுங்கள். இல்லாவிட்டால் வேர்த்து, காய்ந்த இலை நனைந்துவிடும். டின்னில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வைப்பதும் நல்ல பழக்கம்.

பஞ்சுக்கு நீங்கள் தூரம் போக வேண்டாம். பழனி மலைக்குத் தெற்கே போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம் பஞ்சுக்குப் பேர்போனது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும். அடைக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அந்த இழை காற்றில் மிதந்து நேராக நெஞ்சுக்குப் போகும். துணிக்குச் சின்னாளபட்டி இருக்கிறது. சுங்குடி உறை போட்டால் உங்கள் தலையணையைப் பார்த்ததும் திண்டுக்கல் பக்கத்துப் பொருள் என்று தெரியும். வெட்டுவதற்கு முன் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயவைத்துவிடுங்கள். சாயம் போவதும் துணி சுருங்குவதும் உங்கள் வீட்டிலேயே நடந்து முடியட்டும்.

எட்டு வகை வேண்டவே வேண்டாம். இரண்டு போதும். ஒன்று பாட்டியின் நொச்சி. மற்றொன்று மலை மணம்: ஜெரேனியம் இலையோடு கொஞ்சம் ரோஸ்மேரி. ஜெரேனியம் இலை காய்ந்த பிறகும் ரோஜா வாடையை விடாது. உங்கள் குளிருக்கு நன்றாக வளரும், கே.கே.எல். 1 என்ற ரகமே கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததுதான். கொல்லையில் பத்துச் செடி வைத்தாலும் தொடங்கலாம். யூகலிப்டஸைக் காட்டில் போய்ப் பறிக்காதீர்கள். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் இலை பறிப்பதும் குற்றம்தான். வேண்டுமென்றால் பட்டா நிலத்து மரத்திலிருந்து, உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லப் போகிறேன். தலைவலிக்கு, சைனஸுக்கு, தூக்கமின்மைக்கு என்று எழுதி விற்கக் கூடாது. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்றால் அது தலையணை இல்லை, மருந்து. சித்த மருந்து செய்து விற்கவும் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். சட்டத்தை விடுங்கள். தினமும் தலைவலியால் துடிக்கிற ஒருவர் உங்கள் சீட்டை நம்பி டாக்டரிடம் போவதை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால் அந்தப் பாரம் யாருக்கு? ‘நொச்சி இலைத் தலையணை, எங்கள் பாட்டி செய்த முறை’ என்று எழுதுங்கள். அது முழு உண்மை, விற்பதற்கும் அதுவே போதும். கூடவே இரண்டு எச்சரிக்கையும் அச்சடியுங்கள்: ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மணம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு வைக்கக் கூடாது. அந்த வயதுக் குழந்தைக்கு எந்தத் தலையணையும் ஆகாது.

நகை பெட்டியிலேயே இருக்கட்டும். மெஷின் இருக்கிறது, தையல் தெரியும், காயவைக்க இடம் இருக்கிறது. முதல் 30 தலையணைக்கு வேண்டியது சில ஆயிரங்கள்தான். விலையை இப்படிப் போட்டுப் பாருங்கள், தொகைகள் உதாரணத்துக்குத்தான்: துணி 90, பஞ்சு 80, இலைப் பை 40, ஜிப்பும் நூலும் 20, ஆக 230 ரூபாய். இரண்டு மணி நேர உழைப்புக்கு 120. பஸ் செலவு, கழிவு என்று 30. அடக்கம் 380. கடைக்காரர் விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டால், 570 ரூபாய்க்கு விற்றும் உங்கள் கையில் லாபமாக ஒரு காசு நிற்காது. 650 வைத்தால்தான் 50 ரூபாய் சொச்சம் மிஞ்சும். உழைப்புக்கான 120-ஐ வீட்டுப் பெண்கள் எப்போதும் கணக்கில் எழுதுவதில்லை. நீங்கள் எழுதுங்கள்.

கடைகளில் ‘விற்ற பிறகு பணம்’ என்று கொடுக்கும்போது எங்கே மாட்டுகிறார்கள் என்று பாருங்கள். ஏரிக்கரைக் கடையின் வாசலில் தொங்கினால் ஒரு வாரத்தில் மூடுபனி உள்ளே போய்விடும், திரும்பி வரும்போது அது உங்கள் நஷ்டம். கண்ணாடி அலமாரி உள்ள கடைக்கு மட்டும் கொடுங்கள். அதைவிட நல்ல கடை உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. கணவரின் காரில் பின் சீட்டில் இரண்டு சிறிய திண்டு போட்டு வையுங்கள். வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறி முடிப்பதற்குள் ‘இது என்ன வாசனை’ என்று கேட்பார்கள். காரில் வருகிறவர்கள் பெரிய தலையணை தூக்க மாட்டார்கள் என்பதால் கழுத்துக்கு வைக்கும் சிறிய அளவும் இருக்கட்டும்.

காகித வேலை அதிகமில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வைத்து இணையத்தில் நீங்களே செய்யலாம். யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பொருள் விற்பனை வருடத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டும் வரை, தமிழ்நாட்டுக்குள் நேரடியாக விற்பவருக்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. பொட்டலமாக விற்றால் உங்கள் பெயர், முகவரி, தொடர்பு எண், தயாரித்த மாதம், அதிகபட்ச விலை ஆகியவை மேலே இருக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் பூமாலை வணிக வளாகத்திலும் கண்காட்சிகளிலும் இடம் கேட்கலாம்.

கடைசியாக விடுதிக்காரர். ஐப்பசி, கார்த்திகை உங்கள் மலைக்கு அடைமழைக் காலம், வத்தலக்குண்டிலும் மழைதான். இந்த நேரத்தில் 50 தலையணைக்கு இலை காயவைத்தால் 25 மக்கும் என்று உங்கள் மாதிரிகளே சொல்லிவிட்டன. டிசம்பருக்கு முடியாது என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தை பிறந்ததும் காயவைக்கத் தொடங்கினால் பங்குனிக்குள் இலை தயார், மார்ச் கடைசியில் தைத்து முடிக்கலாம், ஏப்ரல் முதல் வாரம் சீசனுக்கு முன்பே கொடுத்துவிடலாம். அவரிடம் அந்தத் தேதியைச் சொல்லி, பாதி முன்பணமும் கேளுங்கள். 50-க்குப் பதில் முதல் தடவை 20 என்று பேசிப் பாருங்கள். சம்மதித்தால் எண்ணிக்கை, அளவு, மாற்றுப் பை விலை மூன்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். டிசம்பர்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், இலை இல்லாமல் சுங்குடி உறை போட்ட இலவம் பஞ்சுத் திண்டு மட்டும் அப்போது தருகிறேன், இலைப் பை ஏப்ரலில் வரும் என்று சொல்லிப் பாருங்கள்.